இரண்டையும் பெரிதாக்குவதா, ஒன்றைச் சரிசெய்வதா?

கேள்வி: எனக்கு 47 வயது. தனியார் பள்ளியில் கணக்கு டீச்சர். 6 வருடத்துக்கு முன்னால் இடது மார்பில் புற்றுநோய்க் கட்டி வந்தது. மார்பை எடுக்காமல் கட்டியை மட்டும் அகற்றி, கீமோ கொடுத்து, 25 நாள் கரண்ட் (கதிர்வீச்சு) வைத்தார்கள். நோய் திரும்பாமல் இருக்க டமாக்சிஃபென் மாத்திரை இன்னும் சாப்பிடுகிறேன். இடது பக்கம் வருடா வருடம் சுருங்கி, இப்போது வலதில் பாதிதான் இருக்கிறது. பிராவுக்குள் பஞ்சு வைத்துக்கொள்கிறேன். போர்டில் எழுதக் கையைத் தூக்கினால் பஞ்சு மேலே ஏறிவிடும். முந்தானையை இழுத்து விட்டுக்கொண்டேதான் பாடம் நடத்துகிறேன். ஓர் அழகு சிகிச்சை மையத்தில், இரண்டு பக்கமும் சிலிகான் வைத்துப் பெரிதாக்கலாம், அன்றைக்கே வீட்டுக்குப் போகலாம் என்றார்கள். என் அக்காவோ, "உயிர் பொழச்சதே பெருசு, இந்த வயசுல இது தேவையா?" என்கிறாள். நான் ஆசைப்படுவது தப்பா? நோய் திரும்பி வந்துவிடுமா?

- பெயர் வெளியிட விரும்பாத வாசகி, ஈரோடு மாவட்டம்

பதில்: தப்பே இல்லை. பிளாஸ்டிக் சர்ஜனாக இத்தனை வருடத்தில் என் முன்னால் உட்கார்ந்து இதைக் கேட்ட பெண்கள் பலரும் தலையைக் குனிந்துகொண்டுதான் கேட்டார்கள். உடைந்த கை கோணலாகக் கூடிவிட்டால் அதை நேராக்க யாரிடமும் அனுமதி கேட்க மாட்டோம். உங்கள் அக்கா பயத்தில் சொல்கிறார். அடுத்த செக்கப்புக்கு அவரையும் கூட்டிக்கொண்டு போங்கள், டாக்டர் வாயால் கேட்கட்டும்.

ஆனால் அந்த மையம் சொன்னதற்குச் சம்மதிக்காதீர்கள். கரண்ட் வைத்த மார்பும் வைக்காத மார்பும் ஒன்றல்ல. குளித்துவிட்டு வந்ததும் நீங்களே பாருங்கள். வலது மார்பின் தோலை இரண்டு விரலால் மெல்லக் கிள்ளித் தூக்கினால் மடிந்து வரும். இடது பக்கம் அநேகமாக விரலுக்குள் சிக்காது, அடியோடு ஒட்டிக்கொண்டிருக்கும். கதிர்வீச்சு அங்கே சின்னச் சின்ன ரத்தக்குழாய்களையும் குறைத்து, சதையை நாராக இறுக்கிவிட்டது. அதற்கு அடியில் சிலிகான் பையை வைத்தால் தையல் ஆறத் தாமதமாகலாம், கிருமித்தொற்று வரலாம். அதைவிடப் பெரிய தொல்லை, பையைச் சுற்றி உடம்பு கட்டிக்கொள்ளும் மெல்லிய உறை. அது தடித்துச் சுருங்கினால் மார்பு பந்துபோல் கெட்டியாகி மேலே ஏறும், வலிக்கும். எல்லாருக்கும் வரக்கூடியதுதான், கரண்ட் வைத்தவர்களுக்கு அதிகம் வருகிறது. வலது நன்றாக அமைந்து இடது இறுகிவிட்டால், இப்போது இருப்பதைவிட வித்தியாசம் கூடித்தான் போகும்.

உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். பெரிதாக வேண்டும் என்று நீங்கள் எங்கேயும் எழுதவில்லை. இரண்டும் ஒன்றுபோல் இருந்தால் போதும் என்றுதான் தோன்றுகிறது. அதற்கு எளிதான வழி, நன்றாக இருக்கும் வலது மார்பைக் கொஞ்சம் சிறிதாக்குவது. நீங்கள் நேரில் வந்தால் முதலில் இதைத்தான் பேசுவேன். இடதை நிரப்பித்தான் ஆக வேண்டும் என்றால் வயிறு, தொடையிலிருந்து கொழுப்பை எடுத்து ஊசி வழியே ஏற்றலாம். ஒரு பகுதி கரைந்துவிடும் என்பதால் இரண்டு மூன்று தடவை தேவைப்படலாம். இன்னும் நிறைய வேண்டுமென்றால் முதுகுத் தசையையோ அடிவயிற்றுச் சதையையோ ரத்தக்குழாயோடு கொண்டுவந்து வைப்போம். அது பெரிய ஆபரேஷன்தான், ஆனால் உங்கள் சதை, உங்களோடேயே இருக்கும்.

நோய் திரும்புமா? சிலிகான் வைப்பதால் மார்பகப் புற்றுநோய் திரும்ப வருவதாக ஆய்வுகள் காட்டவில்லை. சொரசொரப்பான மேற்பரப்பு கொண்ட பைகளைச் சுற்றி அரிதாக ஒருவகை லிம்ஃபோமா (நிணநீர் மண்டலப் புற்றுநோய்) வருவது தெரிந்து, 2019-ல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. கேட்டுக்கொண்டதன்பேரில் ஒரு நிறுவனம் அந்த வகையைத் திரும்பப் பெற்றது. பை இருந்தால் மேமோகிராமில் (மார்பக எக்ஸ்ரே) பின்னால் உள்ள சதை மறையும், கூடுதல் படங்கள் எடுக்க வேண்டிவரும். எதைச் செய்வதானாலும் அதற்கு முன்பு மேமோகிராமும் ஸ்கேனும் அவசியம். வருடக்கணக்கில் மெல்லச் சுருங்குவது வேறு. கடைசி சில மாதங்களில் வேகமாகச் சுருங்கியிருந்தாலோ, காம்பு உள்ளே இழுத்திருந்தாலோ இந்த வாரமே உங்கள் கேன்சர் டாக்டரிடம் போங்கள். டமாக்சிஃபென் ரத்தம் உறையும் வாய்ப்பைக் கூட்டும். ஆபரேஷனுக்கு முன் அதை நிறுத்துவதா என்று அவர்தான் சொல்ல வேண்டும், நீங்களாக நிறுத்தாதீர்கள்.

அப்புறம் செலவு. அழகுக்காகச் செய்யும் ஆபரேஷனுக்கு இன்ஷூரன்ஸ் பணம் தராது. ஆனால் புற்றுநோய்க்குப் பிந்தைய சீரமைப்புக்கு அந்தத் தடை பொருந்தாது என்று இன்ஷூரன்ஸ் ஒழுங்குமுறை ஆணையமான ஐ.ஆர்.டி.ஏ.ஐ.யின் பொது விதியிலேயே இருக்கிறது. அதனால் மருத்துவர் தரும் சீட்டில் 'பெரிதாக்குதல்' என்று இல்லாமல், உள்ளது உள்ளபடி, 'புற்றுநோய்க்குப் பின் மார்பகச் சீரமைப்பு' என்று இருக்கிறதா பாருங்கள். பாலிசி இல்லையென்றால் சென்னை ஸ்டான்லி அரசு மருத்துவமனையில் விசாரியுங்கள். 2018-ல் அங்கே மார்பகத் தோற்றத்தைச் சரிசெய்யும் அறுவை சிகிச்சையை இலவசமாகவே தொடங்கினார்கள்.

இதற்கெல்லாம் சில மாதம் ஆகும். அதுவரை பஞ்சு வேண்டாம், எடையே இல்லாததால்தான் மேலே ஏறுகிறது. மார்பு எடுத்தவர்களுக்கென்று விற்கும் சிலிகான் பேடில், பாதி அளவுக்கானதும் கிடைக்கும். உங்கள் டெய்லரிடம் பிராவின் இடது கப்புக்கு உள்பக்கம் மெல்லிய பருத்தித் துணியில் ஒரு பாக்கெட் தைக்கச் சொல்லுங்கள், வாய் அக்குள் பக்கம் இருக்கட்டும். பேடை அதற்குள் நுழைத்துவிட்டால் போர்டின் மேல் ஓரம் வரை கையைத் தூக்கினாலும் நகராது.