1970 ஷெவெல் எஸ்.எஸ். வாங்கப் போகிறீர்களா? முதலில் ஆல்டர்னேட்டரைக் கழற்றச் சொல்லுங்கள்

கேள்வி: டெக்ஸாஸில் வசிக்கிறேன். வேறு மாநிலத்தில் கிளாசிக் கார் விற்கும் டீலர் ஒருவரிடம் 1970 ஷெவர்லே ஷெவெல் எஸ்.எஸ். 454 (சூப்பர் ஸ்போர்ட், 454 கன அங்குல இன்ஜின்) இருக்கிறது. அதிலேயே சக்தி கூடிய எல்.எஸ்.6 இன்ஜின், 'நம்பர்ஸ் மேட்சிங்' (இன்ஜின் எண் காரின் எண்ணோடு பொருந்துகிறது) என்கிறார். வின் எண் (காரின் அடையாள எண்) 136370கே என்று தொடங்குகிறது. பில்ட் ஷீட்டை (காருக்கு என்னென்ன பூட்ட வேண்டும் என்று தொழிற்சாலை எழுதிய தாளை) கண்ணாடி ஃபிரேம் போட்டு வைத்திருக்கிறார், மதிப்பீட்டாளர் சான்றிதழும் காட்டுகிறார். இன்ஜின் எண்ணைப் படமெடுத்து அனுப்பச் சொன்னால், ஆல்டர்னேட்டர் மறைக்கிறது என்கிறார். முன்பணம் கட்டலாமா?

பதில்: கட்டாதீர்கள். நீங்கள் பார்த்தே ஆகவேண்டிய ஒரே இடத்தைத்தான் அவர் காட்டாமல் இருக்கிறார்.

முதலில் உங்கள் வின் எண். 1 என்றால் ஷெவர்லே. 36 என்றால் எட்டு சிலிண்டர் மாலிபு. 37 என்றால் இரண்டு கதவு ஹார்ட்டாப். 0 என்றால் 1970 மாடல். கே என்றால் கன்சாஸ் சிட்டி தொழிற்சாலை. இதில் எஸ்.எஸ். எங்கே இருக்கிறது? எங்கும் இல்லை. சிறிய 307 இன்ஜினோடு மளிகைச் சாமான் வாங்கப் போய்வந்த சாதாரண மாலிபுவுக்கும் இதே எண்தான். 1966 முதல் 1968 வரை எஸ்.எஸ். 396க்கு 138 என்று தனி வரிசை இருந்தது. 1969இல் எஸ்.எஸ். வெறும் ஆப்ஷன் பேக்கேஜ் ஆனதும் அந்த அடையாளம் போய்விட்டது. 1970இல் வின் எண்ணை வைத்துக் காரை வேண்டாமென்று ஒதுக்க முடியும், சரி என்று ஏற்க முடியாது. 133, 134, 135 என்று தொடங்கினால் அது எஸ்.எஸ். அல்ல, பேச்சை அங்கேயே முடித்துக்கொள்ளலாம். 136 என்றால் இனிமேல்தான் வேலையே.

போன்டியாக் ஜி.டி.ஓ. வாங்குபவர், போன்டியாக்கின் பழைய ஆவணங்களை வைத்திருக்கும் பி.எச்.எஸ். நிறுவனத்துக்கு எழுதினால் தொழிற்சாலை பில்லின் நகல் வந்துவிடும். ஃபோர்டுக்கு 1967 முதல் மார்ட்டி ரிப்போர்ட் என்ற தொழிற்சாலைத் தகவல் அறிக்கை உண்டு. கிரைஸ்லர் கார்களில் வின் எண்ணுக்குள்ளேயே இன்ஜின் எழுத்து இருக்கிறது. அமெரிக்காவில் விற்ற ஷெவெலுக்கு மட்டும் எந்தக் காரில் எந்த ஆப்ஷன் போட்டார்கள் என்று எழுதிக் கேட்க ஓர் இடம் கிடையாது. டைட்டில் (உரிமைப் பத்திரம்) கொடுக்கும் மாநில அலுவலகமோ வின் எண்ணையும் வருஷத்தையும் பார்ப்பதோடு சரி. பின்னால் ஒட்டிய எஸ்.எஸ். சின்னம் உண்மையா பொய்யா என்பது அதற்குக் கவலையே இல்லை. மாலிபு விலையை விடப் பல மடங்கு கைமாறும் ஒரு வியாபாரத்தைச் சரிபார்க்க அரசாங்கமும் இல்லை, தயாரித்த கம்பெனியும் இல்லை. அந்த ஓட்டைக்குள்தான் தரகர்கள் பிழைக்கிறார்கள். 1970இல் 454 இன்ஜினோடு வந்த எஸ்.எஸ். மொத்தம் 8,773. அதில் எல்.எஸ்.6 வெறும் 4,475. அபூர்வமானது என்பதால்தான் போலியும் அதிகம்.

இப்போது ஆல்டர்னேட்டருக்கு வருவோம். 454 போன்ற பிக் பிளாக் இன்ஜினில் பயணி பக்கம், பிளாக்கின் (இன்ஜினின் வார்ப்பு உடலின்) முன்பக்கத்தில், சிலிண்டர் ஹெட்டுக்குச் சற்று முன்னால் ஒரு சிறு தட்டையான மேடை இருக்கும். எண்களை அங்கேதான் பஞ்ச் செய்வார்கள். ஆல்டர்னேட்டர் அதை ஓரளவு மறைப்பது உண்மைதான். ஆனால் சில போல்ட்டுகளைத் தளர்த்தி அதைச் சற்று நகர்த்த ஒரு மெக்கானிக்குக் கொஞ்ச நேரம் போதும். இவ்வளவு விலை சொல்கிறவர் அதைச் செய்ய மாட்டேன் என்றால் காரணம் ஸ்பானர் இல்லாதது அல்ல.

மேடையை பிரேக் கிளீனர் தெளித்துத் துணியால் மட்டும் துடைக்க வேண்டும். உப்புத்தாள், கம்பி பிரஷ் இரண்டும் கூடவே கூடாது. டார்ச்சைப் பக்கவாட்டில் தாழ்வாகப் பிடித்துப் பாருங்கள். கிராங்க் ஷாஃப்ட் போகும் திசையிலேயே, முன்னிருந்து பின்னாக, மெல்லிய இணைகோடுகள் ஓடவேண்டும். தொழிற்சாலையின் வெட்டு இயந்திரம் விட்ட தடம் அது. அந்தக் கோடுகள் இல்லாமல் வழவழப்பாக இருந்தாலோ, வட்டமாகக் கீறல் தெரிந்தாலோ, அந்த முகத்தை யாரோ சீவியிருக்கிறார்கள். ரீபில்ட் சமயத்தில் நியாயமாகவே சீவியிருக்கலாம். ஆனால் சீவிய முகத்தில் எண் 'அசலாக' இருக்க வழியே இல்லை.

அங்கே இரண்டு தனித்தனி எண்கள் இருக்கவேண்டும். ஒன்று டோனவாண்டா இன்ஜின் தொழிற்சாலையில் அடித்தது. உதாரணமாக டி0305சி.ஆர்.வி. என்றால் டோனவாண்டா, மார்ச் 5, நாலு கியர் எல்.எஸ்.6. ஆட்டோமேட்டிக் என்றால் சி.ஆர்.ஆர். இருக்கும். சி.ஆர்.டி., சி.ஆர்.க்யூ. என்று இருந்தால் அது 454இலேயே சக்தி குறைந்த, 360 குதிரைச்சக்தி எல்.எஸ்.5. அதுவும் நல்ல இன்ஜின்தான், ஆனால் அந்த விலைக்கு அல்ல. இரண்டாவது எண் கார் கட்டிய தொழிற்சாலையில் அடித்தது. உங்கள் காருக்கு 10கே என்று தொடங்கி, வின் எண்ணின் கடைசி ஆறு இலக்கங்கள் வரவேண்டும். இரண்டும் வேறு வேறு ஊர்களில், வேறு ஆட்கள், வேறு அச்சுகளால் அடித்தவை. எழுத்தின் அளவும் ஆழமும் வரிசையும் இரண்டிலும் ஒரே மாதிரி இருந்தால் ஒரே கை, ஒரே நாளில் அடித்தது என்றே சந்தேகப்படுங்கள்.

அடுத்தது தேதி. பிளாக்கின் பின்புறம், ஓட்டுநர் பக்கம், பெல் ஹவுசிங் ஓரத்தில் வார்ப்பு எண் 3963512 இருக்கும். அது மட்டும் இருந்தால் ஒன்றும் நிரூபணம் ஆகாது. பின்னால் வந்த பெரிய கார்களின் 454லும் அதே எண் உண்டு. வார்ப்புத் தேதி தனியாக இருக்கும். 'பி 10 0' என்றால் 1970 பிப்ரவரி 10. ஃபயர்வாலில் (இன்ஜினுக்கும் காரின் உள்பகுதிக்கும் நடுவிலுள்ள தடுப்பில்) உள்ள தகட்டில் 03டி என்றால் பாடி கட்டியது மார்ச் நான்காம் வாரம். பிப்ரவரியில் வார்த்து, மார்ச் 5இல் இன்ஜின் பூட்டி, அந்த மாதக் கடைசியில் கார் ஆனது என்றால் பொருந்துகிறது. கார் கட்டிய பிறகு இன்ஜின் பிறந்திருந்தால் அது வேறு காரின் இன்ஜின்.

'நம்பர்ஸ் மேட்சிங்' என்ற சொல்லை டீலர்கள் இஷ்டத்துக்கு இழுக்கிறார்கள். வார்ப்பு எண்ணும் தேதியும் பொருந்தினாலே அப்படிச் சொல்லிவிடுகிறார்கள். "இதே காரில் தொழிற்சாலை பூட்டிய இன்ஜினா?" என்று கேளுங்கள். ஆம், இல்லை என்று எழுத்தில் வரவேண்டும்.

ஒரு விதிவிலக்கை விரிவாகச் சொல்லியே ஆகவேண்டும், ஏனென்றால் இதில் நல்ல கார்கள் பலியாகின்றன. எண் மேடையில் சி.இ. என்று தொடங்கி, ஒரு வருட இலக்கமும் தொடர் எண்ணும் இருந்தால், அது உத்தரவாதத்தில் ஷெவர்லே கொடுத்த மாற்று பிளாக். அந்தக் காலத்தில் வாங்கியவர்கள் இந்தக் கார்களை டிராக்கில் விரட்டி இன்ஜினை உடைத்தார்கள், டீலர் புது பிளாக் போட்டுக் கொடுத்தார். அதில் வின் எண் இருக்காது, இருக்கவும் கூடாது. இன்ஜின் அசல் அல்ல, ஆனால் கார் அசல் எஸ்.எஸ்.ஆக இருக்கலாம். அசல் பில்ட் ஷீட்டோடு வரும் சி.இ. கார் கௌரவமான கார். சந்தேகமான 'மேட்சிங்' காரைவிட அதற்குத்தான் துணிந்து பணம் கொடுக்கலாம். கொடுமை என்னவென்றால், விலை ஏற வேண்டும் என்று அந்த சி.இ. எழுத்துகளை அரைத்துவிட்டு, பொய் எண்ணைப் பஞ்ச் செய்கிறவர்கள் இருக்கிறார்கள். ஒரு காரின் உண்மையான வரலாற்றை அழித்துப் பொய்யை எழுதுகிற வேலை இது. உங்கள் டீலர் சி.இ. என்று ஒப்புக்கொண்டால் பயப்படாதீர்கள், விலையைக் குறைத்துப் பேசுங்கள்.

பில்ட் ஷீட்டுக்கு வருவோம். கண்ணாடிக்குள் இருக்கிற காகிதத்தைச் சோதிக்க முடியாது, வெளியே எடுக்கச் சொல்லுங்கள். அசல் தாள் பெட்ரோல் டேங்க்கின் மேலோ பின்சீட் ஸ்பிரிங்கிலோ கிடந்திருக்கும். துருக்கறை மடிப்போடு ஒட்டி, ஊடுருவிப் பின்பக்கமும் தெரியவேண்டும். வெற்றுப் படிவம் விலைக்குக் கிடைக்கிறது, அதைப் பழசாக்குவது பெரிய வித்தையும் அல்ல. அதைவிட அடிக்கடி நடப்பது, தாள் அசல், ஆனால் பக்கத்துக் காருடையது. எனவே தாளிலுள்ள வின் எண்ணை டாஷ்போர்டு தகட்டோடும், இன்ஜின் குறியீட்டை மேடையோடும், பின் ஆக்ஸில் குறியீட்டை பயணி பக்க ஆக்ஸில் குழாயில் பஞ்ச் செய்ததோடும் ஒப்பிடுங்கள். நாலு கியர் மன்சி கியர்பாக்ஸ் எண்ணின் கடைசியில் சி இருந்தால் அது எம்22 வகை. எல்.எஸ்.6க்கு நாலு கியர் என்றால் அதுதான் வந்தது.

12 போல்ட் பின் ஆக்ஸில், முன் டிஸ்க் பிரேக், வட்ட மீட்டர்கள் எல்லாம் இல்லாவிட்டால் எஸ்.எஸ். அல்ல. இருப்பதால் மட்டும் எஸ்.எஸ். ஆகிவிடாது, எல்லாமே கழற்றி மாட்டக்கூடியவை. வின் தகட்டின் ரிவெட்டுகள் ஆறிதழ்ப் பூ வடிவில் இருக்கவேண்டும். அந்த ரிவெட்டும் விற்பனைக்குக் கிடைக்கிறது. எனவே ஓட்டுநர் பக்க சேஸிஸ் சட்டத்தின் மேல்முகத்தில், பின்சக்கரம் பக்கமாக அடித்த எண்ணையும் கண்ணாடி வைத்துப் படிக்கச் சொல்லுங்கள். அது தகட்டோடு ஒத்துப்போகாவிட்டால் வாங்கவே வேண்டாம்.

மதிப்பீட்டாளர் சான்றிதழை ஒதுக்கி வையுங்கள். அது இன்ஷூரன்ஸ் தொகைக்காக எழுதுவது, பெரும்பாலும் விற்பவர் பணம் கொடுத்து வாங்கியது. டீலர் சிபாரிசு செய்யும் இன்ஸ்பெக்டரும் வேண்டாம். ஷெவெல் மட்டுமே பார்க்கிற ஒருவரை நீங்களே பணம் கொடுத்து அனுப்புங்கள். கார் அந்த டீலருடையதா, கன்சைன்மென்ட்டா (வேறொருவர் காரை விற்றுக் கொடுப்பதா) என்றும் கேளுங்கள். கன்சைன்மென்ட் என்றால் நாளைக்குத் தகராறு வரும்போது "ஓனர் சொன்னதைத்தான் சொன்னோம்" என்பார்கள்.

விளம்பரத்தில் இருந்த வாக்கியம் ஒப்பந்தத்தில் இல்லையென்றால் அதை நம்பி வழக்காடுவது கஷ்டம். 'இந்தத் தாளில் உள்ளது தவிர வேறு வாக்குறுதி இல்லை' என்று ஒரு வரி எப்படியும் அதில் இருக்கும். எனவே 'வின் எண் இன்னது கொண்ட இந்தக் கார் தொழிற்சாலையிலேயே எல்.எஸ்.6 எஸ்.எஸ். ஆகக் கட்டப்பட்டது, இன்ஜின் இந்தக் காரோடு வந்த அசல் இன்ஜின்' என்று விற்பனைப் பத்திரத்தில் எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். டெக்ஸாஸ் வணிகச் சட்டம் 2.313 பிரிவின்படி, பேரத்துக்கு அடிப்படையான வர்ணனை உத்தரவாதமாகிறது. எந்த மாநிலச் சட்டம் பொருந்தும் என்று ஒப்பந்தத்தில் போட்டிருப்பார்கள், அதை வக்கீலிடம் காட்டிவிடுங்கள்.

இன்றே டீலருக்கு மின்னஞ்சல் எழுதுங்கள்: ஆல்டர்னேட்டரை நகர்த்தி எடுத்த மேடைப் படம், வார்ப்புத் தேதி, ஃபயர்வால் தகடு, கண்ணாடியிலிருந்து எடுத்த பில்ட் ஷீட்டின் இரண்டு பக்கங்கள். முன்பணம் சோதனைக்குப் பிறகுதான், அதுவும் திருப்பித் தரும் நிபந்தனையோடு. மறுத்தால், நல்ல 454 இன்ஜின் போட்ட மாலிபுவுக்கு என்ன விலையோ அதைச் சொல்லுங்கள். அதற்கு அவர் இறங்கி வந்தால் சந்தோஷமாக ஓட்ட ஒரு கார் கிடைத்தது. வராவிட்டால் அடுத்த காரைப் பாருங்கள்.