ஏழு ஆண்டுகள் எழுதப்பட்ட புத்தகம்

கேள்வி: கால்வாய்க் கரையோரம் இருந்த எங்கள் தெருவைக் காலி செய்து, குடும்பங்களை ஊருக்கு வெளியே அடுக்குமாடிக் குடியிருப்புக்கு அனுப்பிவிட்டார்கள். அவர்களைத் தேடிச் சென்று மூன்று ஆண்டுகளாகக் குறிப்பெடுத்து வருகிறேன். பகலில் கடை வேலை. புத்தகம் முடிகிற வழியைக் காணோம். அமெரிக்கப் பத்திரிகையாளர்கள் ஒரே நூலுக்காக ஆண்டுக்கணக்கில் உழைக்கிறார்களே, அவர்களுக்குச் சோறு போடுவது யார்? (வாசகர், வியாசர்பாடி)

பதில்: உங்கள் கடிதத்தைப் படித்தவுடன் ராபர்ட் காரோதான் நினைவுக்கு வந்தார். 1935இல் நியூயார்க்கில் பிறந்த அவர், 'நியூஸ்டே' நாளிதழில் நிருபராக இருந்தவர். அந்நகரின் நெடுஞ்சாலைகளையும் பாலங்களையும் தம் விருப்பப்படி அமைத்த ராபர்ட் மோசஸ் என்ற அதிகாரியைப் பற்றி எழுதத் தொடங்கியபோது, ஒன்பது மாதங்களில் முடித்துவிடலாம் என்றுதான் கணக்குப் போட்டிருந்தார். 'தி பவர் புரோக்கர்' 1974இல் வெளிவருவதற்குள் ஏழு ஆண்டுகள் ஓடிவிட்டன. பதிப்பகத்திடமிருந்து முன்பணமாகக் கைக்கு வந்தது 2,500 டாலர்தான். கையிருப்பு கரைந்தபோது, அவருடைய மனைவி ஐனா லாங் ஐலண்டில் இருந்த சொந்த வீட்டை விற்றார். அந்தப் பணத்தில்தான் மேலும் ஓராண்டு குடும்பம் நடந்தது. ஆவணங்களைத் தேடிப் படிப்பதிலும் ஐனாவே அவருக்குத் துணை.

மோசஸ் போட்ட சாலைகளில் ஒன்று பிராங்க்ஸ் பகுதியின் ஈஸ்ட் டிரெமோன்ட் வழியாகச் சென்றது. அந்த ஒரு மைல் தூரத்துக்காக 1,530 குடும்பங்களுக்கு 1952இல் வெளியேறும்படி கடிதம் வந்தது. சாலையைச் சற்றுத் தள்ளிப் போட்டிருந்தால் பெரும்பாலான வீடுகள் தப்பியிருக்கும். பல ஆண்டுகளுக்குப் பிறகு அந்த மனிதர்களைக் காரோ தேடிச் சென்று, இப்போது வாழ்க்கை எப்படி இருக்கிறது என்று கேட்டார். அன்றன்று எழுதிய குறிப்புகளைப் பார்த்தபோது ஒரே சொல் மீண்டும் மீண்டும் வந்திருப்பதைக் கண்டார்: தனிமை. உங்கள் குறிப்பேடுகளை ஒருமுறை முதலிலிருந்து படித்துப் பாருங்கள். அப்படி ஒரு சொல் அவற்றிலும் இருக்கக்கூடும், இருந்தால் அதைச் சுற்றியே முதல் அத்தியாயத்தை எழுதலாம்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். ஐந்து ஆண்டுகளாகியும் முடியவில்லையே என்று கூசிக்கொண்டிருந்த காரோவுக்கு, நியூயார்க் பொது நூலகத்தில் எழுத்தாளர்களுக்கென ஒதுக்கியிருந்த அறையில் ஒரு மேசை கிடைத்தது. அங்கே உட்கார்ந்து எழுதிக்கொண்டிருந்த மூத்தவர்களில் ஒருவர் தமக்கு ஒன்பது ஆண்டுகள் ஆனதாகவும், மற்றொருவர் ஏழு ஆண்டுகள் ஆனதாகவும் சொன்னதைக் கேட்ட பிறகே அவர் மனம் ஆறியது. மூன்று ஆண்டுகளுக்காக நீங்கள் வருந்த வேண்டாம்.

கேள்வி: மீன் ஏலம் பற்றிய கட்டுரைக்காக மூன்று பெண்களிடம் பேசினேன். அவர்கள் பெயர் வெளியே தெரியாமலிருக்க, மூவரையும் ஒருவராக்கி எழுதலாமா? (வாசகி, காசிமேடு)

பதில்: கூடாது என்பதே என் கருத்து. 1938 முதல் 'நியூயார்க்கர்' இதழில் பணியாற்றிய ஜோசப் மிட்செல், நியூயார்க்கின் ஃபுல்டன் மீன் சந்தையை அவ்வளவு அழகாக எழுதியவர். அங்குள்ள முதியவர் ஒருவரைப் பற்றிய அவருடைய கட்டுரைகளை இன்று படித்தாலும் மீன்வாடை மூக்கில் ஏறும். ஆனால் அவை 1948இல் நூலாக வந்தபோது, அந்த முதியவர் ஒருவரல்லர், சந்தையில் இருந்த பலரைச் சேர்த்து உருவாக்கியவர் என்று மிட்செலே முன்குறிப்பில் எழுதினார். இதழில் படித்து அப்படியே நம்பிய வாசகருக்கு அந்த உண்மை தாமதமாகத்தான் கிடைத்தது. நான் பெரிதும் மதிக்கும் எழுத்தாளர் அவர். இருந்தாலும் இந்த ஒன்றை என்னால் ஏற்க முடிவதில்லை.

பெயரை மட்டும் மாற்றுங்கள், மாற்றியிருப்பதைக் கட்டுரையின் தொடக்கத்திலேயே சொல்லிவிடுங்கள். விடியுமுன் ஐஸ் பெட்டிமேல் உட்கார்ந்து வஞ்சிரத்துக்கு விலை கேட்ட அம்மா சொன்ன சொல், பக்கத்தில் சங்கரா கூடையோடு நின்றவர் வாய்க்கு மாறிவிடக் கூடாது.