நாணல் வேர் உலோகத்தை எப்படிப் பிடித்து வைக்கிறது?

தென்னாப்பிரிக்காவில் ஜோகன்னஸ்பர்க்கை ஒட்டிய லெனேசியா பக்கம் கிளிப் ஆற்றுச் சதுப்பில் பிடுங்கிய நாணலின் வேர் ஏன் துருப்பிடித்த கம்பி மாதிரி இருக்கிறது என்று கேட்டிருக்கிறீர்கள். அது உண்மையிலேயே துருதான்.

நீர் தேங்கிய சேற்றில் ஆக்சிஜன் இருக்காது. இரும்பு கரைந்த நிலையிலேயே கிடக்கும். நாணலோ மேலிருந்து வேர்நுனி வரை காற்றை இறக்குகிறது. மண்ணுக்குள் ஓடும் தண்டைக் குறுக்கே வெட்டிப் பாருங்கள், சுற்றிலும் சின்னச் சின்ன ஓட்டைகள் தெரியும். அதுதான் காற்றுப் பாதை. வேரிலிருந்து கசியும் ஆக்சிஜன் பட்டதும் இரும்பு அதன் மேலேயே செம்பூச்சாகப் படிகிறது. ஆர்சனிக், துத்தநாகம், ஈயம் எல்லாம் அந்தப் பூச்சில் ஒட்டிக்கொள்கின்றன. எனக்கு இதில் வியப்பு இன்னும் தீரவில்லை.

அதைத் தாண்டி உள்ளே போவதில் பெரும்பங்கை வேரின் செல்சுவர்கள் பிடித்துக்கொள்ளும். அப்புறம் இலைக்கு ஏறுவது கொஞ்சம்தான்.

1886-இல் ஜோகன்னஸ்பர்க் பக்கத்து விட்வாட்டர்ஸ்ராண்ட் மேட்டுப் பகுதியில் தங்கம் கிடைத்த பிறகு வந்த சுரங்கங்களின் கழிவுநீர் இந்த ஆற்றில்தான் இறங்குகிறது. ஆகவே சதுப்பை வற்ற விடக் கூடாது. வேரில் ஒட்டாத உலோகம் காற்றில்லாச் சேற்றில் கந்தகத்தோடு சேர்ந்து அடங்கிக் கிடக்கிறது; சேறு காய்ந்து காற்றுப் பட்டால் அந்தக் கந்தகம் அமிலமாகி, உலோகம் மறுபடி கரைந்து ஆற்றோடு போய்விடும்.