சலுகையா, உரிமையா?

கேள்வி: பிரான்ஸோடு இணைந்தபோது அதன் வடமேற்குக் கடற்கரையிலுள்ள பிரிட்டனி மாகாணம் உப்பு வரி கட்டாமல் இருக்கச் சலுகை பெற்றதாமே? (ஒரு வாசகர், கும்பகோணம்)

பதில்: அந்தச் 'சலுகை'யை முதலில் அடித்துவிடுங்கள். சலுகை என்பது அரசன் மனமிரங்கித் தருவது. மனம் மாறினால் பிடுங்கிக்கொள்வான். 1532-இல் பிரெஞ்சு அரசன் முதலாம் பிரான்சுவா கையெழுத்திட்டது ஒப்பந்தம். பிரிட்டனியின் மாகாண சபை சம்மதிக்காமல் அங்கே புது வரி போட முடியாது என்று எழுதிக் கொடுத்தான். இணைப்பு என்றாலே பிரிட்டனியின் கோமகள் ஆன் அடுத்தடுத்து இரண்டு பிரெஞ்சு அரசர்களைக் கல்யாணம் செய்ததைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதுகிறார்கள். உப்பைப் பார்த்தால்தான் ஒப்பந்தத்தின் மதிப்பு விளங்கும்.

பக்கத்து மேன், அஞ்ஜூ மாகாணங்களில் 'கபேல்' என்ற உப்பு வரி. எட்டு வயதைத் தாண்டிய 14 பேருக்கு ஆண்டுக்கு ஒரு மினோ, அதாவது சுமார் 49 கிலோ உப்பை அரசுக் கிடங்கில் வாங்கியே தீர வேண்டும். தலைக்கு மூன்றரைக் கிலோ. அதுவும் குழம்புப் பானைக்கும் சாப்பாட்டு மேசைக்கும் மட்டும். அந்த உப்பில் பன்றி இறைச்சியை ஊறப்போட்டால் குற்றம். அதற்குத் தனியாக வாங்க வேண்டும். 1789 புரட்சிக்கு முந்தைய ஆண்டுகளில் அங்கே ஒரு குவிண்டால் (அன்றைய கணக்கில் சுமார் 49 கிலோ) உப்பு சுமார் 60 லிவ்ர். லிவ்ர் அன்றைய பிரெஞ்சுப் பணம். எல்லைக்கு இப்பால் பிரிட்டனியில் இரண்டு, மூன்று லிவ்ர்தான்.

இருபது மடங்கு வித்தியாசம் இருந்தால் கடத்தாமல் இருப்பார்களா? பிரிட்டனியின் எல்லை ஊர்களான வித்ரே, ஃபூழேர் பக்கமிருந்து இரவோடு இரவாக முதுகில் உப்பு மூட்டை போனது. நாயின் உடம்பில் உப்பைக் கட்டி ஓடவிட்டார்கள். ஆயுதத்தோடு பிடிபட்டவனுக்குத் துடுப்புக் கப்பலில் தண்டனை.

பிரிட்டனியில் வெண்ணெய்க்கு உப்பிடும் வழக்கம் வேரூன்றியதும் இந்த மலிவால்தான். வெண்ணெயில் உள்ள நீரை உப்பு இழுத்துக்கொள்வதால் அது சீக்கிரம் கெடாது. இன்றும் பிரான்ஸில் நூறு கிராம் வெண்ணெயில் அரை முதல் மூன்று கிராம் வரை உப்பிருந்தால் 'தெமி-செல்' (அரை உப்பு). அதற்கு மேல் 'சாலே' (உப்பிட்டது).

மாகாண உரிமைகள் 1789 ஆகஸ்ட் 4 இரவு போயின. கபேலும் 1790-இல் ஒழிந்தது. நெப்போலியன் 1806-இல் உப்பு வரியைத் திரும்பக் கொண்டுவந்தபோது பிரிட்டனிக்கு விலக்கு இல்லை. 1941-இல், ஜெர்மானிய ஆக்கிரமிப்புக் காலத்தில் இருந்த விஷி அரசு, பிரிட்டனியிலிருந்து நாந்த் நகர வட்டாரத்தையே வெட்டி எடுத்துவிட்டது. களிமண் பாத்திகளில் சாம்பல் நிற உப்பு விளையும் கெராந்தும் அதோடு போனது. பிரிட்டனியின் பெயர்பெற்ற உப்பு இன்று நிர்வாகக் கணக்கில் பக்கத்து மண்டலத்து உப்பு. அங்குள்ளவர்களிடம் எந்தச் சபை சம்மதம் கேட்டது?