வேலூரில் இருக்கும் என்னை இணையம் ‘சென்னை’ என்று காட்டுகிறது. ஐபி முகவரியை வைத்து என் வீட்டைக் கண்டுபிடிக்க முடியுமா?

முடியாது. ஐபி முகவரி என்பது இணையத்தில் உங்கள் இணைப்பை அடையாளம் காட்டும் எண். அதை மட்டும் கையில் வைத்துக்கொண்டு முன்பின் தெரியாத ஒருவர் உங்கள் தெருவைக்கூடக் கண்டுபிடிக்க முடியாது. கேள்வியைப் பார்த்ததும், என் அத்தையை மிரட்டியதுபோல உங்களையும் யாரோ போனில் மிரட்டியிருக்கிறார்கள் என்றுதான் எனக்குத் தோன்றியது. அப்படியானால் பணம் அனுப்பாதீர்கள். அனுப்பிவிட்டீர்கள் என்றால் உடனே இணைய மோசடிப் புகார் எண்ணான 1930-ஐ அழையுங்கள். மீதியை அப்புறம் படித்துக்கொள்ளலாம்.

தோட்டப்பாளையம் பக்கம் 14 ஆண்டுகளாக ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். வைத்தியத்துக்கு வரும் வங்காளத்துக்காரர்களும் அசாம்காரர்களும் லாட்ஜில் கொடுக்க அடையாள அட்டை நகல் எடுக்க வருவார்கள். ஊருக்குத் திரும்ப ரயில் டிக்கெட் போடவும் வருவார்கள். நான் கணினிப் படிப்பு படித்தவன் இல்லை. படித்தவர்கள் நான் சொல்வதில் குறை கண்டால் திருத்தட்டும், கேட்டுக்கொள்கிறேன். ஆனால் இந்த விஷயத்தைத் தெரிந்துகொள்ள நான் ஒரு வருடம் அலைந்திருக்கிறேன்.

பழைய முறை ஐபி முகவரிகள் உலகத்துக்கே சேர்த்து ஏறக்குறைய 429 கோடிதான். அவை போதாமல், இணைப்பு கொடுப்பவர்கள் ஒரே முகவரியைப் பல வீடுகளுக்குப் பொதுவாக விடுகிறார்கள். உங்கள் ரூட்டரின் அமைப்புப் பக்கத்தைத் திறந்து, வெளிப்பக்க முகவரி என்னவென்று பாருங்கள். 100.64 முதல் 100.127 வரைக்குள் தொடங்கினால் நீங்களும் அந்தப் பொது முகவரிக்காரர்தான். வெளியே தெரியும் அந்தப் பொது முகவரி எந்த ஊரைச் சேர்ந்தது என்பதைச் சில தனியார் நிறுவனங்கள் பட்டியல் போட்டு விற்கின்றன. இணைப்பு நிறுவனத்தின் பதிவு சென்னையில் இருந்தாலோ, அதன் போக்குவரத்து சென்னை வழியாக வெளியேறினாலோ, காட்பாடியில் இருப்பவரையும் சென்னைக் கணக்கில்தான் சேர்ப்பார்கள். என் கடை இணைப்பை ஒரு மாதம் முழுக்கப் பெங்களூரு என்று காட்டியது.

இந்தப் பட்டியலை நம்பி அமெரிக்காவில் ஒரு குடும்பமே அவதிப்பட்டிருக்கிறது. எந்த ஊர் என்று தெரியாத முகவரிகளுக்கெல்லாம் நாட்டின் நடுப்பகுதியில் ஒரு புள்ளியை ஒரு நிறுவனம் குறித்து வைத்திருந்தது. அந்த இடத்தில் கன்சாஸ் மாநிலத்துப் பண்ணை வீடு ஒன்று இருந்தது. 60 கோடிக்கு மேற்பட்ட முகவரிகள் அந்த வீட்டின் தலையில் விழுந்தன. திருடனைத் தேடிப் போலீசும், ஏமாந்தவர்களும் வருடக்கணக்கில் அந்த வாசலில் போய் நின்றிருக்கிறார்கள். 2016-இல் விஷயம் வெளியே வந்த பிறகுதான் அந்தப் புள்ளியை ஓர் ஏரிக்குள் நகர்த்தினார்கள்.

உங்கள் வீடு எது என்பது இணைப்பு கொடுத்தவருக்குத் தெரியும். போலீஸ் முறைப்படி கேட்டால் அவர் பதிவேட்டைப் பார்த்துச் சொல்வார். கைப்பேசியில் நீங்களே இருப்பிட அனுமதி கொடுத்த செயலிகளுக்கும் தெரியும். ஜிபிஎஸ், பக்கத்து வைஃபை, டவர் எல்லாவற்றையும் வைத்து அவை தெருவரைக்கும் வந்துவிடும்.

இனி என் அத்தையின் கதை. சத்துவாச்சாரியில் இருக்கிறார், ஓய்வுபெற்ற ஆசிரியை. சென்ற ஆண்டு ஆடிக் கிருத்திகைக்கு முதல் நாள், இரத்தினகிரிக்குப் போகத் தயாராகிக்கொண்டிருந்தபோது போன் வந்திருக்கிறது. போலீஸ் என்று சொன்னானாம். “உங்கள் ஐபி முகவரியிலிருந்து குற்றம் நடந்திருக்கிறது. நீங்கள் சென்னையில் இருப்பது எங்களுக்குத் தெரியும்” என்றானாம். ஆறு மாதமாக ஊரை விட்டு நகராத அத்தைக்கு அதிலேயே சந்தேகம் வந்திருக்கிறது. ஆனால் அடுத்ததாக அவன் அவருடைய ஆதார் எண் பன்னிரண்டையும், இறந்துபோன மாமாவின் பெயரையும், கதவு எண்ணையும் வரிசையாக வாசித்திருக்கிறான். அதில்தான் அத்தை உடைந்துபோனார்.

ஆட்டோ பிடித்து என் கடைக்கு வந்து இறங்கினார். மஞ்சள் பைக்குள் வங்கிப் புத்தகம். அதை எடுத்து என் மேசையில் வைத்தபோது அட்டை முழுக்கக் கை வியர்வை. “என்னைக் கூட்டிக்கொண்டு போய்விடுவார்களாப்பா?” என்று கேட்டார். 34 ஆண்டுகள் பிள்ளைகளுக்குப் பாடம் சொன்னவர். “அத்தை, உட்காருங்கள், ஒருவனும் வரமாட்டான்” என்று சொல்லித் தண்ணீர் கொடுத்தேன். நல்லவேளையாகப் பணம் போகவில்லை.

அவன் வாசித்தது அத்தனையும் ஓர் ஆதார் நகலில் இருப்பவை. சிம் வாங்க, கல்யாண மண்டபம் பிடிக்க, லாட்ஜில் தங்க என்று எத்தனை இடத்தில் நகல் கொடுத்திருக்கிறார் என்று அத்தையாலேயே எண்ண முடியவில்லை. அதற்கு இரண்டு வாரம் கழித்துக் கோட்டை அகழி ஓரம் வேர்க்கடலை வாங்கினேன். தின்று முடித்துப் பொட்டலத்தைப் பிரித்தால் ஒரு பெண்ணின் ஆதார் நகல். எண்ணெய்க் கறைக்கு நடுவே முகமும் எண்ணும் தெளிவாக இருந்தன. எனக்கு வயிறு கலங்கிவிட்டது. 2017-இல் உச்ச நீதிமன்றத்தின் 9 நீதிபதிகள் அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று ஒருமனதாகத் தீர்ப்புச் சொன்ன நாட்டில், கடலை மடிக்க ஒருத்தியின் அடையாள அட்டை.

‘ஜெராக்ஸ் கடைக்காரன் இதைப் பேசலாமா’ என்று கேட்பீர்கள். கேட்க வேண்டியதுதான். வாட்ஸ்அப்பில் ஆதாரை அனுப்பிப் பிரிண்ட் எடுத்துவிட்டு அப்படியே போய்விடுகிறீர்கள். அது கடைக்காரர் போனில் கிடக்கிறது. நான் தினமும் கடை அடைக்கும் முன் எல்லாவற்றையும் அழித்துவிடுகிறேன். பாழான பிரதிகளைப் பழைய பேப்பர்காரருக்குப் போடாமல் கிழித்து எரிக்கிறேன். எல்லாக் கடையிலும் இப்படிச் செய்வார்கள் என்று என்னால் உறுதி சொல்ல முடியாது. உங்கள் கண்ணெதிரே அழிக்கச் சொல்லுங்கள். கடைசி நான்கு எண்கள் மட்டும் தெரியும்படி மறைத்த ஆதாரை அரசுத் தளத்திலேயே பதிவிறக்கலாம். பல இடங்களுக்கு அதுவே போதும். அத்தை இப்போது எந்த நகலைக் கொடுத்தாலும் எதற்காக, என்ன தேதி என்று அதன் குறுக்கே பேனாவால் எழுதிக் கையெழுத்துப் போட்டுத்தான் கொடுக்கிறார்.

கேள்விக்குச் சம்பந்தமில்லை, இருந்தாலும் சொல்லிவிடுகிறேன். பாதாளச் சாக்கடைக்கு என்று எங்கள் தெருவை மறுபடியும் தோண்டுகிறார்கள். பொக்லைன் ஓட்டுபவருக்குக் கீழே கேபிள் போவதை யாரும் சொல்வதில்லை. இந்த வருடத்தில் நான்காவது முறையாக அறுந்திருக்கிறது. மூன்று நாளாகக் கடையில் இணைப்பு இல்லை. ஊருக்குப் போக டிக்கெட் கேட்டு வந்த நோயாளிகளைத் திருப்பி அனுப்பினேன். இதையும் கைப்பேசியில்தான் எழுதுகிறேன். நாளைக் காலையில் வந்து ஒட்டித் தருவதாகச் சொல்லியிருக்கிறார்கள்.