கவிதையின் உணர்வையும் இணைப்புச் சொற்களையும் பிள்ளைக்கு எப்படிச் சொல்லித்தருவது?

மகள் இணைப்புச் சொல் பயிற்சிகளை நன்றாகச் செய்கிறாள் என்றும், பாடலின் உணர்வைக் கேட்டால் மட்டும் ‘சோகம்’, ‘மகிழ்ச்சி’ என்று ஒரே சொல்லில் முடித்துவிடுகிறாள் என்றும் எழுதியிருக்கிறீர்கள். இரண்டையும் தனித்தனிப் பாடமாக வைத்துக்கொண்டு தவிக்கிறீர்கள் என்று தோன்றுகிறது. இரண்டும் ஒரே பாடம்தான் என்பதை நான் மதிப்பெண்ணை இழந்து கற்றுக்கொண்டேன்.

பத்தாம் வகுப்பு அரையாண்டுத் தேர்வில், பாரி இறந்தபின் அவன் மகளிர் பாடிய புறநானூற்று 112ஆம் பாடலைக் கொடுத்து, பொருளும் உணர்வும் எழுதச் சொன்னார்கள்.

அற்றைத் திங்கள் அவ்வெண் நிலவின்
எந்தையும் உடையேம்; எம் குன்றும் பிறர் கொளார்;
இற்றைத் திங்கள் இவ்வெண் நிலவின்
வென்றெறி முரசின் வேந்தர் எம்
குன்றும் கொண்டார், யாம் எந்தையும் இலமே.

“அன்றைய நிலவில் எங்களுக்குத் தந்தையும் இருந்தார், எங்கள் குன்றையும் பிறர் கொள்ளவில்லை. இன்றைய நிலவில் வேந்தர் எங்கள் குன்றையும் கொண்டார், எங்களுக்குத் தந்தையும் இல்லை” என்று எழுதினேன். திருத்தியவர் ‘கொள்ளவில்லை’ என்பதன் பின்னால் சிவப்பு மையில் ‘ஆனால்’ என்று செருகி, ஓரத்தில் ‘வாக்கியங்கள் இணையவில்லை’ என்று குறித்து இரண்டு மதிப்பெண் குறைத்தார். அந்தச் சிவப்பு ‘ஆனால்’ இன்றும் எனக்கு உறுத்துகிறது.

பாடலில் இணைப்பு நன்றாகவே இருக்கிறது. நான்கு இடங்களில் ‘உம்’ வருகிறது. முதல் நிலவில் தந்தை, பிறகு குன்று. இரண்டாம் நிலவில் குன்று, அதன்பின் தந்தை. வரிசை திரும்பியதால், தந்தை இல்லை என்பது பாட்டின் முடிவில் வந்து விழுகிறது. நடுவில் ‘ஆனால்’ வந்தால் யாரோ ஒருவர் இரண்டு காலங்களையும் ஒப்பிட்டுச் சொல்வது போலாகிவிடும். அந்தப் பெண்களோ போன நிலவைப் போலவே இருக்கும் இன்னொரு நிலவின் கீழ் நிற்கிறார்கள்.

இணைப்புச் சொல்லே வேண்டாம் என்கிறேன் என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். கட்டுரையில், கடிதத்தில், தேர்வின் இலக்கணப் பகுதியில் அது கட்டாயம் வேண்டும். இறந்தவரை நினைந்து வருந்தும் கையறுநிலைத் துறைப் பாடலில் சோகத்தைக் கண்டுபிடிக்க இத்தனை பாடு எதற்கு என்று கேட்பவர்களும் இருப்பார்கள். தொல்காப்பியம் அழுகை என்னும் மெய்ப்பாட்டுக்கே, அதாவது மெய்யில் வெளிப்படும் உணர்வுக்கே, இளிவு, இழவு, அசைவு, வறுமை என்று அது பிறக்கும் நான்கு நிலைக்களன்களைச் சொல்கிறது. தந்தையை இழந்தது இழவு. பழைய நிலை கெட்டு வருந்துவது அசைவு. இவ்வளவு நுணுக்கம் உள்ள மொழியில் பிள்ளைகள் ‘சோகம்’ என்று மனப்பாடம் செய்து எழுதினால் முழு மதிப்பெண் கிடைக்கிறது என்பதுதான் என் ஆற்றாமை.

என் மகளுக்கு நான் செய்தது இதுதான்: ‘குன்றும் கொண்டார்’ என்பதற்கும் ‘யாம் எந்தையும் இலமே’ என்பதற்கும் இடையில் ஆனால், ஆகவே, மேலும் ஆகியவற்றை ஒவ்வொன்றாகப் போட்டு, உரக்கப் படிக்கச் சொன்னேன். ‘ஆகவே’ பொருந்தவில்லை என்று உடனே சொல்லிவிட்டாள். ‘மேலும்’ போட்டபோது, மளிகைச் சாமான் பட்டியல் படிப்பது போல இருக்கிறது என்றாள். பிறகு எந்தச் சொல்லும் இல்லாமல் படித்தாள். ‘கொண்டார்’ என்றதும், நான் சொல்லாமலே, சற்று நிறுத்தினாள். அந்த இடத்தில் ஏன் நிறுத்தினாய் என்று கேட்டு, அவள் சொன்ன பதிலையே விடைத்தாளில் எழுதச் சொன்னேன்.