ஒரு வரி மெயிலைத் தொடாதீர்கள்

கேள்வி: மண்ணடியில், சரக்குகளுக்குக் கஸ்டம்ஸ் வேலை முடித்துத் தரும் ஒரு கிளியரிங் ஆபீசில் 14 வருடமாக டாக்குமென்ட் வேலை பார்க்கிறேன். மெயில் எல்லாம் அவுட்லுக்கில், 38,000க்கு மேல் இருக்கிறது. அடுத்த மாதம் ஆபீஸ் முழுக்க கூகுளுக்கு மாறுகிறதாம். "அதுக்குள்ள தேவையில்லாததை டெலிட் பண்ணிடுங்க சார்" என்று சிஸ்டம் பார்க்கும் பையன் சொல்லிவிட்டுப் போய்விட்டான். எது தேவையில்லாதது? எங்கிருந்து ஆரம்பிப்பது?
– ஒரு வாசகர், தண்டையார்பேட்டை

பதில்: லிங்கி செட்டித் தெருவில் 26 வருடம் நானும் இதே வேலைதான் பார்த்தேன் சார். இரண்டு முறை சிஸ்டம் மாற்றினோம். முதல் முறை நான் செய்த தப்பை முதலில் சொல்லிவிடுகிறேன்.

ஒரு சனிக்கிழமை மத்தியானம் உட்கார்ந்து, "ஓகே", "நோட்டட்", "தேங்க்ஸ்" என்று ஒரே வரியில் கிடந்த மெயிலையெல்லாம் மொத்தமாக அழித்தேன். ஆயிரக்கணக்கில் போனது. வீட்டைக் கழுவிவிட்ட மாதிரி இருந்தது. நாலு மாதம் கழித்து ஒரு கப்பல் ஏஜென்டிடமிருந்து டிடென்ஷன் பில் (கன்டெய்னரைத் தாமதமாகத் திருப்பியதற்கான கட்டணம்) வந்தது, 3 கன்டெய்னருக்கு, கன்டெய்னருக்கு 7 நாள். கட்டணமில்லாமல் வைத்திருக்கும் 14 நாள் ஃப்ரீ டைமை 21 ஆக்கித் தரும்படி நாங்கள் கேட்டிருந்தோம். "ஓகே, கன்ஃபர்ம்டு" என்று அவர்களும் பதில் போட்டிருந்தார்கள். கேட்ட மெயில் என்னிடம் இருக்கிறது, கொடுத்த மெயில் இல்லை. பணத்தைக் கட்டினோம். முதலாளி ஒரு வார்த்தை சொல்லவில்லை, திட்டியிருந்தால்கூடத் தேவலாம்.

நம் தொழிலில் சின்ன மெயில்தான் சாட்சி. விவரம் சரிபார்க்கச் செக்லிஸ்ட் அனுப்பி, "ஓகே, ஃபைல் பண்ணுங்க" என்று பார்ட்டி (சரக்குக்காரர்) பதில் போட்ட பிறகுதானே பில் ஆஃப் என்ட்ரி (கஸ்டம்ஸுக்குத் தரும் இறக்குமதிப் படிவம்) போடுகிறீர்கள்? நாளைக்கு ஹெச்எஸ் கோடு (சரக்கின் வகையைக் குறிக்கும் எண்) தப்பு என்று கஸ்டம்ஸ் கேட்டால் அந்த ஒரு வரிதான் உங்களைக் காப்பாற்றும். அது அடைக்கும் இடமும் ஒன்றுமில்லை, சில கேபிதான்.

சரி, ஆரம்பம். எதையும் அழிக்கும் முன் அவுட்லுக்கை மூடிவிட்டு, பிஎஸ்டி ஃபைலை (அவுட்லுக் உங்கள் கம்ப்யூட்டரில் மெயிலைச் சேர்த்து வைக்கும் ஃபைல்) அப்படியே ஒரு வெளி ஹார்டு டிஸ்க்கில் காப்பி எடுங்கள். உங்கள் மெயில் கணக்கு பாப் (POP) வகையா, ஐமேப் (IMAP) வகையா என்று அந்தப் பையனிடம் கேளுங்கள். பாப் என்றால் பழைய மெயில் பெரும்பாலும் உங்கள் கம்ப்யூட்டரில் மட்டும்தான் இருக்கும். ஐமேப் என்றால் நீங்கள் இங்கே அழிப்பது சர்வரிலும் அழியும். அந்தக் கணக்குக்கு பிஎஸ்டியாக எக்ஸ்போர்ட் செய்து வாங்கிக்கொள்ளுங்கள். காப்பி கையில் வந்ததும் அதை ஒரு முறை திறந்தும் பாருங்கள். காப்பி எடுத்தேன் என்பவர்களில் பாதிப் பேர் திறந்து பார்த்திருக்க மாட்டார்கள்.

அப்புறம் மெயிலை அளவு வாரியாக அடுக்குங்கள். பெரியது மேலே வரும். யாரோ கலரில் 600 டிபிஐ வைத்து ஸ்கேன் செய்த பேக்கிங் லிஸ்ட்தான் முதலில் நிற்கும் பாருங்கள். 9 எம்பி ஃபைல் மெயிலில் ஏறும்போது சுமார் 12 எம்பி ஆகிவிடும், எழுத்தாக மாற்றி அனுப்புவதால் மூன்றில் ஒரு பங்கு கூடுகிறது. அதையே நீங்கள் சிஎஃப்எஸ்ஸுக்கு (கன்டெய்னர் சரக்குக் கிடங்கு) ஒரு தடவை, டிரான்ஸ்போர்ட்டுக்கு ஒரு தடவை ஃபார்வர்டு செய்திருப்பீர்கள். சென்ட் ஐட்டம்ஸில் மேலும் இரண்டு காப்பி. எல்லோரும் இன்பாக்ஸைக் கூட்டிப் பெருக்கிவிட்டு சென்ட் ஐட்டம்ஸை மறந்துவிடுகிறார்கள். என் பெட்டியில் பாதி பாரம் அங்கேதான் இருந்தது. ஃபைலை ஜாப் நம்பர் ஃபோல்டரில் சேமித்துவிட்டு மெயிலிலிருந்து அட்டாச்மென்டை மட்டும் நீக்குங்கள், மெயில் இருக்கட்டும்.

அடுத்து அனுப்பியவர் பெயர் வாரியாக அடுக்குங்கள். வாரா வாரம் வரும் கப்பல் அட்டவணை, ஏர்லைன்ஸ் ஆஃபர், கருத்தரங்கு அழைப்பு எல்லாம் கூட்டமாக ஓரிடத்தில் நிற்கும். 2016இல் எந்தக் கப்பல் எந்தக் கிழமை வருவதாக இருந்தது என்று இனி யாரும் கேட்கப்போவதில்லை. ஷிஃப்ட் அழுத்தி மொத்தமாகத் தேர்ந்தெடுத்துத் தூக்குங்கள்.

எத்தனை வருடம் வைப்பது என்பது உங்கள் முடிவும் இல்லை, அந்தப் பையனுடையதும் இல்லை, முதலாளியுடையது. கஸ்டம்ஸ் புரோக்கர் 5 வருடமாவது ரெக்கார்டு வைத்திருக்க வேண்டும் என்கிறது 2018 விதிமுறை. ஜிஎஸ்டி கணக்குக்கு, ஆண்டு ரிட்டர்ன் கெடு தேதியிலிருந்து 72 மாதம். வழக்கு ஓடுகிற ஷிப்மென்ட் என்றால் முடியும்வரை கை வைக்கக்கூடாது. "இந்த வருடத்துக்கு முந்தையதை அழிக்கலாம்" என்று முதலாளியிடமிருந்து மெயிலிலேயே வாங்கிக்கொள்ளுங்கள். ஆமாம், அதுவும் ஒரு வரிதான் இருக்கும்.

டெலிட்டட் ஐட்டம்ஸைக் காலி செய்த பிறகும் பிஎஸ்டி உடனே இளைத்திருக்காது. காத்திருக்காமல் அளவைக் குறைக்க 'காம்பாக்ட்' கொடுங்கள். மெயில் எழுதும்போது 'To' பெட்டியில் ஓர் எழுத்து தட்டியதும் தானாக வருகிறதே பெயர்கள், அதெல்லாம் காண்டாக்ட் என்று நினைத்துவிடாதீர்கள், கூகுளுக்கு அவை தானாக வந்துவிடாது. முக்கியமான முகவரிகளை இப்போதே காண்டாக்டில் ஏற்றுங்கள். மெயிலைத் தானாகப் பிரித்து வைக்கும் ரூல்ஸையும் அங்கே புதிதாகப் போட வேண்டியிருக்கும். ஃபோல்டர்கள் கூகுளில் லேபிள்களாக நிற்கும், ஒரு வாரம் தடுமாறுவீர்கள்.

கேள்வி: ரிட்டையர் ஆகிவிட்டேன். ஜிமெயிலில் இடமில்லை என்று போன் தினமும் சொல்கிறது. ஆயிரம் மெயில் அழித்தும் தீரவில்லை, அக்கா.
– ஒரு வாசகி, திருவொற்றியூர்

பதில்: கூகுள் இலவசமாகத் தரும் அந்த 15 ஜிபி இடம் மெயிலுக்கு மட்டும் இல்லைம்மா. போட்டோவும் டிரைவும் அதில்தான். ஆண்ட்ராய்டு போனில் வாட்ஸ்அப் பேக்கப்பும் இப்போது அதே கணக்கில் சேர்கிறது. குடும்ப குரூப்பில் வரும் குட்மார்னிங் வீடியோ எல்லாம் அங்கேதான் குந்தியிருக்கும். வாட்ஸ்அப் பேக்கப் செட்டிங்கில் வீடியோவை நிறுத்துங்கள். அழித்த மெயிலும் 30 நாள் குப்பைத்தொட்டியிலேயே இருக்கும், அதைக் காலி செய்துவிட்டுப் பாருங்கள்.